மல்லாந்த வண்டு

ஒரு கிழவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சட்டையில் பித்தான் ஒன்றும் அறுந்துபோகவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் தைக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, பாவம் பெரியவர், வீட்டுக்காரி கவனிப்பதே இல்லை போலிருக்கிறது என்று நினைக்க வேண்டும். அதற்குத்தான்.

அருந்ததி ராயின் ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ நாவலில் வரும் பப்பாச்சி இவர். இரவுதோறும் பித்தளைப் பூச்சாடியால் மனைவியை அடித்தவர். ஒரு நாள், வளர்ந்து ஆளாகிவிட்ட மகன் சாக்கோ அந்தக் கையைப் பிடித்து முறுக்கி, இனிமேல் இது நடக்கக் கூடாது என்கிறான். அன்றோடு அடி நிற்கிறது. மனைவியோடு பேச்சும் நிற்கிறது, சாகிறவரைக்கும். அதற்குப் பிறகுதான் ஊசியும் நூலும் வருகின்றன. அடிக்க முடியாத கை இப்போது தைக்கிறது. செய்கிற வேலை பழைய வேலைதான்.

முதல் தடவை படித்தபோது இந்தப் பித்தானை நான் கவனிக்கவே இல்லை. அதில் வரும் வெளுத்தாவுக்கு என்ன ஆகப்போகிறதோ என்ற பதைப்பில் ஓடிவிட்டேன். இத்தனைக்கும் யார் சாகப்போகிறார்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிற நாவல் அது. சவப்பெட்டியிலிருந்து தொடங்கிவிட்டு, பிறகு நம்மைப் பின்னோக்கிக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது. முடிவு தெரிந்த கதையைக் கேட்க ஏன் போய் உட்காருகிறோம் என்பதற்கு, கதகளி ஆடுகிறவர்களை வைத்து அந்த நாவலிலேயே ஒரு விளக்கம் உண்டு. நமக்கு அது புதிதல்ல. விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்கள் யாரும் கர்ணன் பிழைத்துவிடுவான் என்று நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

1997இல் வெளிவந்து அதே வருடம் புக்கர் பரிசு வாங்கிய நாவல். அடுத்த நாவலான ‘பெருமகிழ்ச்சியின் பேரவை’ 2017இல் வந்தது. நடுவில் 20 வருடம். இரண்டையும் தமிழில் ஜி. குப்புசாமி மொழிபெயர்த்திருக்கிறார், காலச்சுவடு வெளியீடு. அந்த 20 வருடத்தில் ராய் சும்மா இருக்கவில்லை. பொக்ரான் அணுகுண்டு வெடிப்பு, நர்மதை அணை, தண்டகாரண்யக் காடுகள் என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 2002இல் ஒரு நாள் திகார் சிறையிலும் இருந்தார். அந்தக் கட்டுரைகளையும் விடாமல் வாசித்தவன்தான் நான். ஆனால் ஒவ்வொன்றையும் முடிக்கும்போது, சரி, அடுத்த நாவல் எப்போது என்ற கேள்விதான் மனதில் இருந்தது. வந்தது. படித்தேன். ஏமாந்தேன். எதில் ஏமாந்தேன் என்று எனக்கே பிடிபடச் சில வருடம் ஆயிற்று. முதல் நாவலைத் திரும்ப எடுத்து, இந்த முறை ஓடாமல் நின்று நின்று படித்தபோதுதான் பித்தான் கண்ணில் பட்டது. அதன் பிறகு வரிசையாகப் பட ஆரம்பித்தன.

உள்ளங்கை என்றே ஒரு சங்கதி இருக்கிறது. வெளுத்தா பரவன் சாதிப் பையன். அவனைவிட மூத்தவள், பெரிய வீட்டுப் பெண், பப்பாச்சியின் மகள் அம்மு. சின்ன வயதில் அவன் காய்ந்த ஓலையிலும் நாணலிலும் காற்றாடி, கிலுகிலுப்பை, குட்டி நகைப்பெட்டி என்று செய்து அவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். கொடுக்கும்போது கையை விரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். எடுத்துக்கொள்ளும்போது அவள் விரல் அவன்மேல் படாமல் இருக்க வேண்டுமே. அப்படிச் செய் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தீண்டாமையைப் பற்றி ஒரு நாவலாசிரியர் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். பரவர்கள் தங்கள் காலடித் தடத்தைத் தாங்களே துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு பின்னோக்கித் தவழ்ந்த காலத்தைப் பப்பாச்சியின் மனைவி மம்மாச்சி நினைவுகூர்வதாகவும் நாவலில் வருகிறது, அது வரலாறு. உள்ளங்கை அப்படியல்ல. ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குப் பொம்மை கொடுக்கிறது. கொடுக்கிற ஆசை முழுசாக இருக்கிறது, சட்டமும் முழுசாக இருக்கிறது, இரண்டும் ஒரே கையில். பிற்பாடு இந்த இருவர்தான் ஆற்றங்கரை இருட்டில் ஒருவரை ஒருவர் தொடப்போகிறார்கள். அந்தத் தொடுதலின் எடை என்ன என்பதை எழுத்தாளர் அங்கே விளக்க வேண்டிய அவசியமே இல்லை. விரிந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டவருக்குத் தெரியும்.

இன்னொன்று. வெளுத்தாவின் அப்பா வெள்ளைய பாப்பனுக்கு ஒரு கண் கண்ணாடிக் கண். மம்மாச்சி காசு கொடுத்து வைத்துவிட்டது. மகன் செய்த ‘குற்ற’த்தைச் சொல்ல அவர் மழையில் நனைந்துகொண்டு பெரிய வீட்டு வாசலுக்கு வருகிறார். சொல்லிவிட்டு அந்தக் கண்ணைப் பிடுங்கிக் கையில் ஏந்தி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுகிறார். மகன் பொம்மையை நீட்டிய வீட்டில் தகப்பன் கண்ணை நீட்டுகிறார். இரண்டும் நிறையப் பக்க இடைவெளியில் வருகின்றன. ஆசிரியர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடவில்லை. அந்த வேலையை நமக்கு விட்டுவைத்திருக்கிறார்.

கச்சேரி கேட்கிறவர்கள் ‘பிடி’ என்பார்கள். ஒரு ராகத்தின் அடையாளமான சின்ன ஸ்வரக் கோவை. ஆலாபனையில் லேசாகத் தொட்டுவிட்டுப் போவார் பாடகர். கீர்த்தனையில் வேறு இடத்தில் எட்டிப் பார்க்கும். நிரவலில் வந்து விழும்போது உட்கார்ந்திருப்பவர் தன்னை அறியாமல் தலையை ஆட்டுவார். ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ அப்படிக் கட்டப்பட்டது. ராய் கட்டடக்கலை படித்தவர் என்பதை இதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ பாட்டுதான் நெருக்கமாகத் தோன்றுகிறது.

உதாரணத்துக்கு அந்த அந்துப்பூச்சி. பப்பாச்சி பிரிட்டிஷ் காலத்துப் பூச்சியியல் அதிகாரி. ஒரு மாலை அவருடைய மதுக்கோப்பையில் ஒரு அந்துப்பூச்சி வந்து விழுகிறது. முதுகில் வழக்கத்துக்கு மாறான அடர்த்தியில் ரோமக்கொத்து. புது இனத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளுகிறார். இல்லை, தெரிந்த இனத்தின் சிறு வேறுபாடுதான் என்று சொல்லி விடுகிறார்கள். பல வருடம் கழித்து, அது தனி இனம்தான் என்று முடிவாகிறது. ஆனால் பெயர் வைத்தது அவருக்குப் பிடிக்காத வேறொரு அதிகாரியின் பெயர். அவர் வாழ்நாள் கடுகடுப்புக்கெல்லாம் அந்தப் பூச்சிதான் காரணம் என்று வீட்டில் பேச்சு. இதுவரை வேடிக்கைதான். பின்னால் ஒரு நாள் அம்மு தன் மகள் ராஹேலிடம், மனசைப் புண்படுத்தினால் புண்பட்டவர்களுக்கு உன்மேல் இருக்கும் அன்பு கொஞ்சம் குறைந்துவிடும் என்று ஏதோ ஒரு கோபத்தில் சொல்லிவிடுகிறாள். ஏழு வயசுக் குழந்தையின் நெஞ்சில் சில்லென்று வந்து உட்காருகிறது அதே அந்துப்பூச்சி. அதே ரோமக்கொத்தோடு. தாத்தாவின் கோப்பையில் விழுந்தது பேத்தியின் நெஞ்சில் எழுந்திருக்கிறது. அதற்கப்புறம் அது நாவல் முழுக்கப் போவதும் வருவதுமாக இருக்கிறது. ஒரு காலைச் சற்றே தூக்கினால் நமக்கும் உயிர் வருகிறது.

வாழைப்பழ ஜாமைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஜெல்லிக்குத் தண்ணி, ஜாமுக்குக் கெட்டி என்று உணவுத் துறை தடை செய்த பண்டம். எந்தப் பட்டியலிலும் அடங்காத அந்த வீட்டு மனிதர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர்ப்பலகை கிடையாது. ராஹேலின் பொம்மைக் கடிகாரமும் அப்படித்தான், எப்போதும் இரண்டுக்குப் பத்து நிமிடம். இவற்றைத் தாண்டிப்போகிறேன், ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஹேல், எஸ்தா என்ற இரட்டையர்களைப் பிரித்து எஸ்தாவை அப்பாவிடம் அனுப்புகிறார்களே, கொச்சியில் அவனை ஏற்றிவிடுகிற வண்டி மெட்ராஸ் மெயில். அவன் ஜன்னலோரம் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான்; பிளாட்பாரத்தில் ராஹேல் மடங்கிக் கத்துகிறாள். சென்ட்ரலில் காலை நேரத்தில் கேரளத்து வண்டி வந்து நிற்பதைப் பார்த்தால், தனியாக இறங்குகிற சின்னப் பையன் யாராவது உண்டா என்று இப்போதும் என் கண் ஒரு சுற்றுச் சுற்றும். அசட்டுத்தனம்தான்.

இந்த ருசியோடுதான் ‘பெருமகிழ்ச்சியின் பேரவை’க்குள் போனேன். ஆரம்பம் ஏமாற்றவில்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசியால் கழுகுகள் செத்து விழுவதில் கதை தொடங்குகிறது. பழைய டெல்லியில் மின்சாரம் போன ஒரு ராத்திரியில் ஜஹனாரா பேகத்துக்குக் குழந்தை பிறக்கிறது. மருத்துவச்சி ஆண் என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுக்கிறாள். மறுநாள் வெளிச்சத்தில் தாய் துணியை விலக்கிப் பார்க்கும்போது, ஆணுக்குரியதன் கீழே பெண்ணுக்குரியதும் இருக்கிறது. அப்போது அந்தத் தாய்க்கு வருகிற யோசனை வியாதியைப் பற்றியதோ ஊர்ப்பேச்சைப் பற்றியதோ மட்டுமல்ல. அவளுக்கு இலக்கணம் நினைவுக்கு வருகிறது. அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி உருது. அதில் மனிதர்கள் மட்டுமல்ல, கம்பளம், துணி, புத்தகம், பேனா, வாத்தியம் எல்லாமே ஆண் அல்லது பெண். எல்லாவற்றுக்கும் பால் உண்டு, தன் குழந்தைக்கு மட்டும் இல்லை.

தமிழில் படிக்கிறவர் இந்த இடத்தில் ஒரு நொடி நிற்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கம்பளமும் பேனாவும் அஃறிணை. ஆண் பேனா, பெண் பேனா கிடையாது. அந்தத் தாயின் திகைப்பு நமக்கு நேரடியாக வராது, சுற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் வந்துவிட்டால் போகாது. அவள் மொழிக்குள் அந்தக் குழந்தைக்கு நிற்க ஒரு முழம் இடம் இல்லை. குழந்தையின் பெயர் ஆஃப்தாப், பின்னால் அஞ்சும். ஜாமும் இல்லை ஜெல்லியும் இல்லை என்று முதல் நாவலின் ஊரான அய்மனத்தில் தொடங்கியது டெல்லியில் தொடர்கிறது என்று எனக்குக் குதூகலமாகிவிட்டது.

2002இல் அஞ்சும் அகமதாபாத் போகிறாள். அங்கே நடக்கிற கலவரத்தில் கூடப் போன பெரியவர் கொல்லப்படுகிறார். திருநங்கையைக் கொன்றால் தரித்திரம் என்ற நம்பிக்கையால் அவளை மட்டும் விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்தவள் வீட்டில் தங்க முடியாமல் ஒரு கல்லறைத் தோட்டத்தில் குடியேறி, கல்லறைகளைச் சுற்றிச் சுவர் எழுப்பி, ஒவ்வொரு அறையிலும் ஒரு கல்லறையோடு விருந்தினர் விடுதி நடத்துகிறாள். ஜன்னத் விடுதி. இந்த இடம்வரை நான் ராயின் பழைய அடிமை.

பிறகு ஜந்தர் மந்தர் வருகிறது. உண்ணாவிரதப் பந்தல்கள், போபால்காரர்கள், காணாமல் போன காஷ்மீரப் பிள்ளைகளின் தாய்மார்கள், அணையில் நிலம் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. வாத்தியார் வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல் இருக்கிறது. எல்லோரும் ‘உள்ளேன் ஐயா’ சொல்கிறார்கள், யாரும் பாடம் முடியும்வரை வகுப்பில் உட்காருவதில்லை. அதன் பிறகு திலோ என்ற பெண், காஷ்மீர், உளவுத்துறைக்காரர் ஒருவருடைய வாக்குமூலம், கோப்புகள், குறிப்பேடுகள், காட்டிலிருந்து ஒரு நெடுங்கடிதம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் உயிருள்ளது. ராய் பார்க்கிற கண் கொஞ்சமும் மங்கவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், நாவலின் ஆகச் சிறந்த நுண்மை அதுதான் என்று நினைக்கிறேன். ஸ்ரீநகரில் ஒரு சவ ஊர்வலம். மாடியிலிருந்து ஒரு தாயும் மூன்று வயது மகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஏதோ வெடிக்கிற சத்தம். பதற்றத்தில் சிப்பாய்கள் சுடுகிறார்கள். ஒரே குண்டு மகளையும் தாயையும் கொல்கிறது. வெடித்தது என்ன தெரியுமா? தெருவில் கிடந்த காலி மாம்பழச்சாறு அட்டைப்பெட்டி. ஏதோ ஒரு வண்டி அதன்மேல் ஏறியது. அதை யார் அங்கே போட்டார்கள், யார் அதன்மேல் வண்டியை ஏற்றினார்கள், இந்தியாவா, காஷ்மீரா, பாகிஸ்தானா என்று கதைசொல்லும் குரல் அடுக்கிக் கேட்கிறது. விசாரணைக் கமிஷன்களின் மொழியை இதைவிடக் கச்சிதமாக யாரும் தோலுரித்ததாக எனக்கு நினைவில்லை. கோடை வெயில், உறிஞ்சுகுழல், குழந்தைகள் காலால் மிதித்து ‘டொப்’ என்று சத்தம் எழுப்புகிற விளையாட்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

படித்துவிட்டு நான் காத்திருந்தேன். அந்தப் பெட்டி மறுபடி வரும் என்று. எங்காவது ஒரு மேசைமேல், பாதி குடித்து, ஓரம் நசுங்கி. பெரிய அதிகாரி ஒருவர் பேசிக்கொண்டே அதை உறிஞ்சியிருக்கலாம். ரயிலில் ஒரு குழந்தை கேட்டு அழுதிருக்கலாம். முதல் நாவலை எழுதிய கை அதை அப்படி விட்டிருக்காது. அங்கே மாம்பழம் எப்படி வருகிறது என்று பாருங்கள்: வாக்குமூலம் கொடுக்க வந்த அம்முவின் மார்பை ஆய்வாளர் லத்தி நுனியால் தட்டிப் பார்க்கிறார், சந்தையில் கூடையிலிருந்து மாம்பழம் பொறுக்குகிறவரைப்போல. ஊறுகாய்த் தொழிற்சாலை நடத்துகிற வீட்டுப் பெண்ணை. மாங்காய் வெட்டி, உப்பிட்டு, ஊறவைத்து நூறு பக்கம் நம் மூக்கில் ஏற்றிய வாசனைதான் அந்த உவமையை அவ்வளவு கொடூரமாக்குகிறது. இரண்டாம் நாவலில் அட்டைப்பெட்டி ஒரு தடவை வெடிக்கிறது, முடிந்தது. அடுத்த சாவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

சதாம் ஹுசேன் என்று பெயர் வைத்துக்கொண்ட தலித் இளைஞன் ஒருவனும் இருக்கிறான். காவலாளியாக வேலை பார்த்தபோது, எஃகில் செய்த மரம் ஒன்றை நாள் முழுக்க வெயிலில் நின்று காவல் காக்க வேண்டியிருந்தது. அது ஒரு கலைப்படைப்பாம். எஃகு எறித்த வெளிச்சத்தில் கண் பழுதாகி, அன்றிலிருந்து கறுப்புக் கண்ணாடி. எவ்வளவு நல்ல கற்பனை! நிழல் தராத மரம், கண்ணைச் சுடுகிற மரம். கண்ணாடி மட்டும் அவன் மூக்கில் நிற்கிறது, மரம் போய்விடுகிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் வெட்டுமாங்காய் என்று உண்டு. மாங்காயைத் துண்டு போட்டு, உப்பும் மிளகாயும் பிசிறி, அன்றைக்கே சாப்பிடுவது. நாக்கில் தெறிக்கும். நான் அதன் எதிரி அல்ல. ஆனால் 20 வருடம் ஊறுகாய் ஜாடியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவனுக்கு வெட்டுமாங்காய் பரிமாறினால் முகம் கொஞ்சம் கோணத்தான் செய்யும்.

நண்பர் ஒருவர் இதற்காக என்னோடு சண்டையே போட்டார். நாடே உடைந்து கிடக்கிறது, உடையாத ஜாடியில் எப்படி ஊறவைப்பது என்றார். சிதறிப்போன ஒன்றை எப்படிக் கதையாகச் சொல்வது என்ற கேள்வி நாவலிலேயே வருகிறது, அதற்குத் திலோ கண்டடைகிற பதிலையும் எடுத்துக் காட்டினார்: மெல்ல மெல்ல எல்லாமுமாக மாறிவிடுவது. சரிதான், அந்த ‘மெல்ல’வைத்தான் நானும் கேட்கிறேன் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. அய்மனம் ஒரு குடும்பம், ஒரு ஆறு. அங்கே பூச்சி திரும்பி வரலாம். காஷ்மீரில் போனது போனதுதான், திரும்பி வராமல் இருப்பதுதான் அங்கே உண்மை என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஆனாலும் வாசிக்கும்போது உண்டான ஏமாற்றத்தை ஒரு நல்ல வாதத்தால் வாபஸ் வாங்க முடிவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் பிற்பாடு கிடைத்தது. முதல் நாவலின் முடிவில் அம்முவும் வெளுத்தாவும் முதல் இரவுக்குப் பிறகு மேலும் பதிமூன்று இரவுகள் சந்திக்கிறார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்ற பேச்சு கிடையாது. எதிர்காலம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆகவே சின்ன விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கட்டெறும்புக் கடி. வெளுத்தாவையே தேடி வந்து கடிக்கிற இரண்டு மீன்கள். குப்பைகூளத்தை முதுகில் போர்த்திக்கொண்டு மறைந்து வாழ்கிற ஒரு பொடிச் சிலந்தி. அதற்கு வெளுத்தா வைத்த பெயர் சப்புத் தம்புரான். நாகர்கோவில் பக்கத்தில் குப்பையைச் ‘சப்புசவறு’ என்று சொல்லிப் பழகியவர்களுக்குப் பெயரின் சிரிப்பு உடனே விளங்கும். ஒரு நாள் அதன் உடுப்புக்கு இவர்கள் ஒரு பூண்டுத் தோலைக் காணிக்கையாக வைக்கிறார்கள். தம்புரான் ஏற்கவில்லை. இவர்களுக்கு வருத்தமாகப் போய்விடுகிறது. சாவு தலைக்குமேல் நிற்கையில் சிலந்தியிடம் கோபித்துக்கொள்கிற காதலர்களை வேறு எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பிரியும்போது சொல்கிற ‘நாளெ’ என்ற மலையாளச் சொல், நமக்கு மொழிபெயர்க்கவே வேண்டாம்.

அந்த இரவுகளில் அவர்கள் சிரித்த விஷயங்களில் இன்னொன்றும் உண்டு: மல்லாந்து விழுந்து, நிமிர முடியாமல் காலை உதைத்துக்கொள்கிற வண்டு.

இரண்டாம் நாவலின் கடைசி அத்தியாயத்தில், தூக்கம் வராத அஞ்சும், ஜன்னத் விடுதியில் வளர்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரி டெல்லித் தெருவில் நடக்கப் போகிறாள். குழந்தைக்கு மூத்திரம் வருகிறது. தெருவிளக்கின் கீழே உட்கார வைக்கிறாள். முடித்துவிட்டுக் குழந்தை நிமிர்ந்து, தான் உண்டாக்கிய அந்தச் சின்னக் குட்டையைப் பார்க்கிறது. அதில் வானம், நட்சத்திரங்கள், ஆயிரம் வருடப் பழைய நகரம், எல்லாம் தெரிகின்றன. அவர்கள் திரும்பி வரும்போது கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஒரு சாணி வண்டு மட்டும் விழித்திருக்கிறது. வானம் இடிந்து விழுந்தால் உலகத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று கால்களை மேலே நீட்டி மல்லாந்து படுத்திருக்கிறது.

அய்மனத்து ஆற்றங்கரையில் நிமிர முடியாமல் கிடந்த வண்டுதான். 20 வருடம் கழித்து, வேறு புத்தகத்தில். அங்கே அதைப் பார்த்துச் சிரித்தார்கள். இங்கே அதற்குக் காவல் வேலை.

முதல் நாவலை நான்கு தடவை படித்திருக்கிறேன். இரண்டாவதை ஒரு தடவை முழுசாக. அதன் பிறகு எடுத்தபோதெல்லாம் ஜஹனாரா பேகத்தின் அந்தக் காலையையும், கடைசி நாலு பக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேன்.